காசு வச்சுத்தான் ஆடினோம்

வா, உள்ள வா. செருப்பை அங்ஙனயே கழட்டிப் போடு, யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. மாடிச் சாவி இந்தா இருக்கு. மொதல்ல உக்காந்து தண்ணி குடி, பொறவு மேல போய்ப் பார்க்கலாம். மாடி எங்கயும் போயிராது.

நீ தனியாத்தான் இருக்கப் போறேன்னு தரகர் சொன்னார். ஏன்னு நான் கேக்க மாட்டேன். அடுத்தவங்க சோலியைக் கேக்குற பழக்கம் எனக்குக் கெடையாது. கழுத்துல ஒண்ணும் போடல, நெத்தியில பொட்டு வச்சிருக்கே, வயசு முப்பத்தஞ்சு இருக்கும். அது உன் பாடு. அஞ்சாறு வீடு பார்த்திருப்பே, எல்லாரும் மாப்பிள்ளை எங்கன்னு கேட்டிருப்பாங்க. நான் கேக்கல பாரு.

ஆனா என்னைப் பத்தி உனக்குத் தெரியணும். தெருமுக்குல வழி விசாரிச்சிருப்பே, "வயலட்டம்மா வீடா?"ன்னு ஒரு இழுவை இழுத்திருப்பாங்க. நாளைக்கு நீ குடிவந்தா நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவாங்க. அவங்க வாயால கேக்கறதுக்கு என் வாயாலயே கேட்டுரு. சூதாடிப் போலீஸ்ல புடிபட்டவ நான். பேப்பர்ல படமே வந்திருக்கு. முழிக்காத, சொல்லுதேன்.

நான் டெலிபோன் எக்சேஞ்சுல வேலை பார்த்தவ. அந்தக் காலத்து ட்ரங்கால் உனக்குத் தெரியாது. மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் நாங்க இணைச்சு விட்டாத்தான் பேச முடியும். காதுல மாட்டிக்கிட்டா நாள் பூராவும் ஊரார் பேச்சுதான். கல்யாணம் பேசுறவன், சாவு சொல்லுறவன், கோவிச்சுட்டுப் போன பொண்டாட்டிகிட்டக் கெஞ்சுறவன், எல்லாரும் என் காது வழியாத்தான் போனாங்க. ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர்கிட்ட நான் சொன்னதில்ல. நைட் டூட்டியில லைன் அடங்கினதும் நாங்க பொம்பளைங்க சீட்டைக் கையில எடுத்துருவோம். ரம்மி அங்க பழகினதுதான்.

அம்மா இருந்தவரைக்கும் வீட்டுல ஒரு சத்தம் இருந்துச்சு. அம்மா படுக்கையில விழுந்தப்போ பார்த்துக்கிட வந்தவதான் மரகதம். ஆஸ்பத்திரியில நர்சா இருந்து ரிட்டயர் ஆனவ. அம்மாவை அடக்கம் பண்ணின பொறவும் அவ வாறதை நிப்பாட்டல. எதுக்கு வந்தேன்னு கேட்டா "சும்மா வந்தேன்"ம்பா. எனக்கும் அந்தச் சும்மா வேண்டியிருந்துச்சு. தம்பி ஒருத்தன் இருக்கான், கோயம்புத்தூர்ல, குடும்பத்தோட. கிறிஸ்துமசுக்குப் போன் பண்ணுவான். நான் கல்யாணம் பண்ணிக்கிடல. ஏன்னு நீயும் கேக்காத.

சீட்டாட வந்ததுல ரெண்டாவது ஆள் ஆவுடை. ஆவுடையம்மாள்னு பேரு, அடுத்த தெரு. புருசன் தாசில்தாரா இருந்து போய்ச் சேர்ந்துட்டார். மகன் பேங்க் ஆபீசர், மருமக காலேஜ்ல பாடம் எடுக்கா. பெரிய வீடு, நல்ல சாப்பாடு. ஆனா அவகிட்டப் பேசுறதுக்கு ஒரு நாதி கெடையாது. வாக்கிங் போறேன்னு செருப்பை மாட்டிக்கிட்டு நேரே இங்க வந்துருவா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்ம்பா. அவ வீட்டுலேர்ந்து என் வீட்டுக்கு நடந்ததுதான் நடை.

மூணாவது ஜொஹரா. மேலப்பாளையத்துக்காரி. வீடு வீடா நைட்டி, உள்பாவாடையெல்லாம் பையில தூக்கிட்டு வந்து விப்பா. புருசன் மவுத்தான பொறவு, அதான், செத்த பொறவு, அப்படித்தான் ரெண்டு மகன்களையும் ஆளாக்கினா. பயலுவ கடை போட்டுச் சம்பாதிக்க ஆரம்பிச்சதும், "உம்மா, இனிமே பையைத் தூக்காதீங்க, எங்களுக்கு அசிங்கமா இருக்கு"ன்னுட்டாங்க. தெருத்தெருவா நடந்த காலு, வீட்டுக்குள்ள அடங்குமா? வயலட்டு வீட்டுல தையல் மிசின் இருக்கு, தைக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துருவா. மிசின் இருக்கத்தான் செய்யுது. அந்த மூலையில பாரு. அது மேலதான் டீத்தட்டு வைப்போம்.

நாலு மணிக்கு ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கலைஞ்சிருவோம். நான் டீ போடுவேன். மரகதம் முறுக்கு கொண்டு வருவா. ஆவுடைக்கு ஜோக்கர் வந்தா மூக்கைச் சொறிவா. எங்க எல்லாருக்கும் அது தெரியும், எங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. ஜொஹரா ஒவ்வொரு ஆட்டத்துக்கும், "தப்புதான்டி, நான் ஆடல, என் கை ஆடுது"ம்பா. ஜெயிச்ச காசை வீட்டுக்குக் கொண்டு போக மாட்டா. போற வழியில கையேந்துறவங்களுக்குப் போட்டுட்டுத்தான் பஸ் ஏறுவா.

காசு வச்சு ஆடணும்னு சொன்னது நான்தான். மொதல்ல புளியங்கொட்டை வச்சுத்தான் ஆடிப் பார்த்தோம். ஒருத்தியும் சீட்டைக் கவனிக்க மாட்டேங்கா, பேசிக்கிட்டே போடுதா. சில்லறைக் காசு வைங்கடின்னேன். நிமிர்ந்து உக்காந்துட்டாளுக. ஆட்டம்னா ஒரு பயம் வேணும் பிள்ள. என் பென்சன், என் வீடு, நான் விரிச்ச பாய். இதுல யாருக்கு என்ன நட்டம், சொல்லு?

ஒரு வியாழக்கிழமை. கேட்டைத் தொறக்குற சத்தம் கேட்டுச்சு, பால்காரர்னு நினைச்சேன். ஒரு எஸ்.ஐ, சின்ன வயசு, கூட ரெண்டு பொம்பளைப் போலீசு.

"யாரும் எந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க"ன்னார்.

முட்டி வலியில நாங்க எங்க எந்திரிக்க?

"இது என் வீடு சார்"னேன்.

"தெரியும்மா. இங்க சூதாட்ட விடுதி நடக்குதுன்னு தகவல் வந்திருக்கு."

"விடுதியா? விடுதிக்காரி நைட்டியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், பாருங்க."

அந்தப் பொம்பளைப் போலீசுல ஒருத்தி சிரிச்சுட்டா. எஸ்.ஐ அவளை ஒரு முறை முறைச்சார். அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்துச்சுன்னு மரகதம் பொறவு சொன்னா. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எச்சரிச்சுட்டுப் போயிருப்பாராம். போயிருப்பார், போயிருப்பார். யாரு கண்டா?

"காசு வச்சு ஆடினீங்களா?"ன்னு கேட்டார். மூணு பேரும் ஒரே மூச்சுல, "இல்ல சார், சும்மா பொழுதுபோக்குக்கு"ன்னாளுக. ஆவுடை அதுக்குள்ள முந்தானையைக் காசுத் தட்டு மேல போட்டு மூடிட்டா. அவ அவ்வளவு வெரசா எதையும் செஞ்சு நான் பார்த்ததில்ல. நான்தான், "இல்ல சார், காசு வச்சுத்தான் ஆடினோம்"னேன்.

மூணு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாளுக பாரு! நான் என்ன இல்லாததையா சொன்னேன்? சொந்த வீட்டுல, சொந்தக் காசுல ஆடுறதுக்கு எதுக்குப் பொய் சொல்லணும்?

ஜீப்புல ஏத்தினாங்க. தெருவே வெளிய வந்து நின்னுச்சு. எதிர்வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். அவர்தான் தகவல் குடுத்திருப்பார். அன்னையிலேர்ந்து அவர்கூட நான் பேசுறதில்ல. நிச்சயமாத் தெரியாது, ஆனாலும் பேசுறதில்ல. போற வழியில அந்தச் சாராயக் கடை, அதான், அரசாங்கமே நடத்துதே, அதுல பெருங்கூட்டம். ரோட்டுல பாதி வரைக்கும் நிக்கானுவ. எங்க ஜீப்பு ஹாரன் அடிச்சு அவனுகளை விலக்கிட்டுத்தான் போச்சு. குடிச்சுக் கெட்டவனுக்கு வழிவிட்டுச் சீட்டாடின கெழவிகளைக் கொண்டு போறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பக்கத்துல ஜொஹரா அழுதுக்கிட்டிருந்தா.

ஸ்டேசன்ல எங்களை நிக்க வச்சு ஒருத்தன் போட்டோ எடுத்தான். ராத்திரி ஆகுறதுக்குள்ள விட்டுட்டாங்க. ஆவுடை மகன் கார் கொண்டு வந்தான். அம்மா ஏறினா, அவ்வளவுதான். கண்ணாடியை ஏத்தி விட்டுட்டான். மறுநாள் பேப்பர்ல, 'வீட்டில் சூதாட்டம், நான்கு பெண்கள் சிக்கினர்'. நான் நேரே பார்க்குற படம். மத்தவளுக மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாளுக.

கேசு கோர்ட்டுக்கு வந்துச்சு. பால்துரைன்னு ஒரு வக்கீல், எங்க சபைக்காரர் மகன். "குத்தத்தை ஒத்துக்கிட்டா அபராதம் கட்டிட்டுப் பத்து நிமிசத்துல வீட்டுக்குப் போகலாம் ஆன்ட்டி"ன்னார். கோர்ட்டு வராண்டாவுல ஆவுடை என் கையைப் புடிச்சுக்கிட்டா. மகனுக்குத் தெரியாம ஆட்டோவுல வந்திருக்கா.

"வயலட்டு, பிடிவாதம் பண்ணாத. ஒத்துக்கிட்டு வந்துரு. ஜனங்க ஒரு மாசம் பேசுவாங்க, பொறவு மறந்துருவாங்க. அப்புறம் மெதுவா ஆரம்பிப்போம். கதவைச் சாத்திக்கிட்டு ஆடுவோம். புளியங்கொட்டை வச்சு ஆடுவோம். எனக்கு எது வச்சாலும் சரி."

"ஒளிஞ்சு ஆடுறதுக்கு நாம என்ன திருடிகளா?"ன்னு கேட்டேன்.

அவ என் கையை விட்டுட்டா.

பேரைக் கூப்பிட்டாங்க. மூணு பேரும் வரிசையாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒத்துக்கிட்டாளுக. ஜட்ஜம்மா என்கிட்ட, "நீங்க?"ன்னாங்க.

"ஆடினதை ஒத்துக்கிடுதேன்மா. குத்தத்தை ஒத்துக்கிட மாட்டேன்"னேன்.

கோர்ட்டுல கசகசன்னு ஒரு சத்தம். ஜட்ஜம்மா பேனாவை வச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. "காசு வைக்காம ஆடியிருக்கலாமே?"

"உப்புப் போடாமலும் சோறு பொங்கலாம்மா. யாரு திங்கிறது?"

அந்தம்மா சிரிக்கல. ஆனா உதட்டை உள்ள மடிச்சதை நான் பார்த்தேன். மத்த மூணு பேரும் அபராதத்தைக் கட்டிட்டுப் போயிட்டாளுக. என் கேசைத் தனியா எடுத்து வச்சாங்க.

அதுக்குப் பொறவுதான் வாய்தா. தெரியும்லா? இன்னைக்கு வா, நாளைக்கு வா, அடுத்த மாசம் வா. ரெண்டு வருசத்துக்கு மேல இழுத்துச்சு. கோர்ட்டுக்குப் போற நாள்தான் எனக்கு நல்ல நாள்னு வச்சுக்கோயேன். பெஞ்சுல நாலு பேர் உக்காந்திருப்பாங்க, என்ன கேசும்மா, யாரு வக்கீல்னு கேப்பாங்க. மத்த நாள்ல நாலு மணி ஆனா எனக்குக் கை என்னமோ செய்யும். டீ போடப் போவேன். பழக்கத்துல நாலு டம்ளரை எடுத்து வச்சுருவேன். பொறவு மூணைத் திரும்பக் கவுத்து வைப்பேன். போன் பண்ணினா ஆவுடை மருமகதான் எடுப்பா. "அத்தை தூங்குறாங்க." எப்பப் போட்டாலும் தூங்குறாங்க. மனுசி அப்படியா தூங்குவா? ஜொஹரா போனே எடுக்க மாட்டா. மரகதம் எடுப்பா, மழை பெய்யுதா, வெயிலா இருக்கான்னு பேசுவா, வச்சுருவா.

பாஸ்டர் ஐயா ஒரு நாள் வந்தார். இந்தா, நீ உக்காந்திருக்கிற இதே நாற்காலியில உக்காந்தார்.

"உங்களால யாருக்கும் கேடில்லைன்னு சொல்லுதீங்க. உங்களுக்கே கேடுதானேம்மா?"

"எனக்கு நான் கேடு பண்ணிக்கிட்டா அதைக் கர்த்தர் கேக்கட்டும் ஐயா. எஸ்.ஐ எதுக்கு?"

"சட்டம்னு ஒண்ணு வேணும்லா? இன்னைக்குச் சில்லறையை வச்சு ஆடுறவங்க நாளைக்கு வீட்டை வச்சு ஆடுவாங்க."

"வீட்டை வச்சு ஆடுறவன் கையில போனை வச்சுக்கிட்டு ஆடுதான் ஐயா. உங்க மகனைக் கேட்டுப் பாருங்க. கண்ணு தெரியாம நாலு கெழவிங்க சீட்டை மூஞ்சிக்கு நேரே புடிச்சுக்கிட்டு ஆடினா, அதுல சட்டம் கெட்டுப் போச்சா?"

அவர் ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டார். எனக்காக உருக்கமாத்தான் பண்ணினார். அதுக்குப் பொறவு சபையில, பெண்கள் ஐக்கியக் கூட்டத்துல என்னைப் பாட்டு எடுக்கச் சொல்லுறதை நிப்பாட்டிட்டாங்க. நானும் போறதை நிப்பாட்டிட்டேன். நல்லதாப் போச்சு. சுதி சேராமப் பாடுறவங்க மத்தியில உக்காரணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?

கேசுல எஸ்.ஐ சாட்சி சொன்னார். நான் ஆடுறவங்ககிட்டத் தரகு வாங்குனேன்னு சொன்னார், பார்த்துக்கோ! பால்துரை விளக்கினார். ரம்மி திறமையால ஆடுற ஆட்டம்னு பெரிய கோர்ட்டே முன்னால சொல்லியிருக்காம். ஆனா வீட்டுக்காரி அதுல சம்பாதிச்சான்னு ஆயிட்டா விடுதி நடத்தினதா ஆயிருமாம். "நீங்க தரகு வாங்கலன்னு கூட ஆடினவங்க யாராவது வந்து சொல்லணும் ஆன்ட்டி"ன்னார். சம்மன் அனுப்பச் சொன்னேன். "அவங்க வீடுகள்ல சங்கடம் ஆகுமே, யோசிச்சுக்கோங்க"ன்னார். "என்ன சங்கடம்? நடந்ததைச் சொல்லப் போறாங்க, கால் மணி நேர வேலை"ன்னேன்.

போலீஸ்காரர்தான் சம்மனைக் கொண்டு போய்க் குடுப்பார். அதுதானே வழக்கம். ஆவுடை வீட்டுக்கு அவர் போன அன்னைக்குப் பேத்தியைப் பொண்ணு பார்க்க வந்திருந்தாங்களாம். அந்த நாள்ல போகணும்னு நானா சொன்னேன்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காப்பியைக் குடிச்சுட்டுப் போனவங்க, போனவங்கதானாம். ஒரு காக்கிச்சட்டையைப் பார்த்து ஓடுற குடும்பத்துல பொண்ணைக் குடுக்காததே நல்லது. ஆவுடைக்கு நெஞ்சுவலின்னு டாக்டர் சீட்டு வந்துச்சு, அவ வரல. மரகதம் வந்தா. கூண்டுல ஏறி, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல"ன்னா. எத்தனை வார்டு, எந்த நோயாளிக்கு என்ன மாத்திரைன்னு முப்பது வருசத்தையும் ஒப்பிப்பா. அன்னைக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்.

ஜொஹரா வருவான்னு நான் நினைக்கவே இல்ல. வந்தா. கறுப்புப் பர்தா. கூட மூத்த மகன், கதவுப் பக்கம் நின்னான். அவ முகத்தை நான் அவ்வளவு நாள் கழிச்சுப் பார்க்கேன், சதையெல்லாம் வத்திப் போயிருந்துச்சு. சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"காசு வச்சு ஆடினீங்களா?"

அவ மகனைப் பார்த்தா. பொறவு என்னைப் பார்த்தா.

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"இவங்கம்மா மவுத்தான வருசத்துலேர்ந்து."

"இந்தம்மாவுக்குத் தரகு குடுப்பீங்களா?"

"இல்ல. ஒத்தைக் காசு வாங்கினதில்ல. டீயும் அவ செலவுதான்."

"உங்க வீட்டுல தெரிஞ்சுதான் போனீங்களா?"

"இல்ல. தைக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டுத்தான் போனேன்."

வக்கீலுக்குச் சந்தோசம். கையை விரிச்சுக்கிட்டு, "வீட்டுலயே பொய் சொன்னவங்க, இங்க மட்டும் உண்மை சொல்லுறீங்கன்னு நாங்க நம்பணுமா?"ன்னார்.

ஜொஹரா மெதுவாத்தான் சொன்னா. "வீட்டுல பொய் சொன்னாத்தான் சார் நான் வெளிய வர முடியும். இங்க பொய் சொன்னா இவ உள்ள போயிருவா."

நான் திரும்பிப் பார்க்கேன், கதவுப் பக்கம் அவ மகன் இல்ல.

எனக்குப் பெருமையா இருந்துச்சு பிள்ள. நம்ம ஜொஹராவா இப்படிப் பேசுதான்னு. வெளிய வந்ததும் ஓடிப் போய்க் கையைப் புடிச்சேன். கை சில்லுன்னு இருந்துச்சு. பிரஷர் மாத்திரை போட்டியான்னு கேட்டேன். அவ மகன் நின்ன இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. நான் ஆட்டோ புடிச்சுத் தாறேன்னேன், வேண்டாம்னுட்டா. வெயில்ல நடந்தே போனா. அவதான் நடந்து பழகினவளாச்சே.

அடுத்த மாசமே விடுதலை. ஜட்ஜம்மா தீர்ப்பைப் படிச்சாங்க. குடியிருக்கிற வீட்டைச் சூதாட்ட விடுதின்னு சொல்ல ஆதாரம் இல்ல, இந்தம்மா லாபம் எதுவும் அடையலன்னு. பால்துரை கையைக் குலுக்கினார். "ஆன்ட்டி, ஜெயிச்சுட்டீங்க." நான் அங்கயே ஒரு நிமிசம் உக்காந்துட்டேன். யாராவது கட்டிப் புடிப்பாங்கன்னு நினைச்சேன் போல. பால்துரைக்கு அடுத்த கேசு, போயிட்டார்.

நேரே அல்வாக் கடைக்குப் போனேன். மூணு பொட்டலம் வாங்கினேன், சூடா, இலையோட.

மொதல்ல ஆவுடை வீடு. மகன்தான் கதவைத் தொறந்தான். "அம்மா ஓசூர்ல என் தங்கச்சி வீட்டுல இருக்காங்க"ன்னான். எப்ப வருவான்னேன். "இனிமே அங்கதான்." அல்வாவை நீட்டினேன். "எங்க வீட்டுல எல்லாருக்கும் சுகர்"னுட்டான். ஓசூர்ல ஆவுடை என்ன செய்வா? தெலுங்கும் தெரியாது, கன்னடமும் தெரியாது. வாக்கிங் போறேன்னு எங்க போவா?

மரகதம் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சா. அல்வாவை வாங்கிக்கிட்டா. காப்பி குடுத்தா. நல்ல மனுசி. "கேசு முடிஞ்சுட்டு, வாற திங்கக்கிழமை வாறியா?"ன்னு கேட்டேன். "வாறேன், வாறேன்"னா. திங்கக்கிழமை வந்துச்சு. அதுக்குப் பொறவு எத்தனையோ திங்கக்கிழமை வந்துட்டு.

கடைசியா மேலப்பாளையம். சின்னச் சந்து, ஆட்டோ போகாது. மருமகதான் வந்தா. ஜொஹரா இருக்காளான்னேன். அவ உள்ள பார்த்து என்னமோ சொன்னா. ஜொஹரா வந்து நிலைப்படிக்கு உள்ளயே நின்னா. வெளிய வரல. என்னையும் உள்ள கூப்பிடல. மருமக பக்கத்துலயே நிக்கா, நகர மாட்டேங்கா.

"ஜெயிச்சுட்டோம்டி"ன்னேன்.

"நீ ஜெயிச்சுட்டே வயலட்டு. அல்ஹம்துலில்லாஹ். ஒன் வீடு ஒனக்குத் திரும்பிட்டு." அவ சிரிச்ச மாதிரித்தான் இருந்துச்சு. "எனக்கு வாசல் போச்சு."

அவ என்ன சொல்லுதான்னு எனக்கு வெளங்கல. வாசல்லதானே நின்னுக்கிட்டிருந்தா. பொட்டலத்தை மருமக வாங்கிக்கிட்டா. ஜொஹரா என் கண்ணையே பார்த்துக்கிட்டு நின்னா, பொறவு உள்ள போயிட்டா. பஸ்ல வரும்போது யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். பொறாமைன்னும் சொல்ல முடியாது. வயசாயிட்டா ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாமப் போயிருதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

நான் என்ன தப்புப் பண்ணினேன்? நீயே சொல்லு. திருடினேனா, யாரையும் ஏமாத்தினேனா? ஆடும்போதும் ஒருத்தருக்கும் நட்டம் இல்ல, கோர்ட்டுல நின்னப்பவும் நான் உண்மையைத் தவிர எதையும் சொல்லல. ஆனா பாரு, அபராதம் கட்டித் தலையைக் குனிஞ்சவளுகளுக்கு ஊரும் உறவும் இருக்கு. நிமிர்ந்து நின்னவ தனியா இருக்கா. உலகம் அப்படித்தான்.

சரி, மாடியைப் பத்திச் சொல்லுதேன். ரெண்டு ரூம், தனி வாசல், தனி மீட்டர். வாடகை நீ சொல்லுறதுதான், அதுல பேரம் கெடையாது. கறி, மீன்னு கவிச்சி சமைச்சுக்கோ. எத்தனை மணிக்கு வேணா வா, எத்தனை மணிக்கு வேணா போ. உன்னைப் பார்க்க யாரு வந்தாலும் வரட்டும், ஆம்பளை வந்தாலும் வரட்டும். உன் வாழ்க்கை, உன் விருப்பம். அந்தச் சுதந்திரத்துக்காகத்தானே நான் கோர்ட்டு ஏறினேன். போகும்போது மட்டும் எங்க போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. வந்ததும் வந்துட்டேன்னு சொல்லு. யாராவது வந்தா அவங்களை என் ஹால் வழியாக் கூட்டிட்டு வா, நானும் ஒரு வார்த்தை பேசுவேன்லா. வேவு பார்க்கணும்னு இல்ல பிள்ள. காதுல ஒரு குரல் விழணும், அவ்வளவுதான். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தா கீழ வந்து டீ குடி. சீட்டு ஆடத் தெரியாட்டிப் பரவால்ல. சும்மா உக்காரு.

என்ன, மணியைப் பார்க்கே? மேல போய்ப் பார்க்க வேண்டாமா? சரி, யோசிச்சு போன்ல சொல்லு. இதுக்கு முன்னால வந்தவங்களும் போன்ல சொல்லுதேன்னுதான் சொன்னாங்க. ஒரு பொண்ணு, உன்னை மாதிரித்தான், சாவியைக் கையில வாங்கிட்டுக்கூடத் திருப்பிக் குடுத்துட்டா. ஏன்னு நான் கேக்கல.

வெளிய எப்படிக் காயுது பாரு. இந்த வெயில்ல எங்க போவே? கொஞ்சம் தாழட்டுமே. இப்பத்தானே வந்தே.